முப்பதா, முந்நூறா

சலவைக்கடைக்காரரை நான் பதினொரு மாதம் திட்டினேன். ஒரு நாளும் விடுப்பு எடுக்கவில்லை. அட்டைப்பெட்டிக் கம்பெனியில் வேலை முடிந்து வரும் வழியில்தான் அவர் கடை. வாசலில் நின்று, துணி கொடுக்க வந்தவர்களுக்கும் கேட்கும்படி, "என் புருஷனைக் கொன்னுட்டு இங்க வெள்ளையா வெளுத்துக்கிட்டு இருக்கீங்களா?" என்று ஆரம்பிப்பேன். அவர் முதல் மாதம் கதவைச் சாத்திப் பார்த்தார். பிறகு பழகிவிட்டது. என் தலை தெரிந்ததுமே இஸ்திரி மேசையை விட்டுப் பின்கட்டுக்குப் போய்விடுவார். "குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும்" என்று அவர் முதுகுக்குச் சொல்லிவிட்டு வீட்டுக்கு வருவேன்.

என் வீட்டுக்காரர் ஒயரிங் வேலை செய்தவர். சட்டைப்பையில் எந்நேரமும் டெஸ்டர் செருகியிருக்கும் என்பதால் தெருவில் அவருக்கு டெஸ்டர் என்றே பெயர். ஒயரை விரலால் உருட்டிப் பார்த்தே எத்தனை பருமன் என்று சொல்லிவிடுவார். அதையே காகிதத்தில் 2.5 என்று எழுதி, இதில் பாதி எவ்வளவு என்று கேட்டால் மனிதருக்கு வியர்த்துவிடும். அதனால் லைசென்ஸ் கிடையாது. லைசென்ஸ் வேண்டும் என்றால் பயிற்சி நிலையத்தில் எலக்ட்ரீஷியன் படிப்பு படிக்கவேண்டும். படிப்பில் சேர முதலில் ஒரு கணக்குத் தேர்வு. பின்னம், தசமம், சதவீதம், அளவு மாற்றம், சூத்திரத்தைத் திருப்பி எழுதுவது என்று இருபது கேள்வி. பதினான்கு சரியாக இருக்கவேண்டும். இவர் மூன்று தடவை எழுதினார். ஒன்பது, பதினொன்று, பத்து.

மூன்றாம் தடவை முடிவு வந்த அன்று செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசற்படியில் உட்கார்ந்து, "பதினொண்ணுலேர்ந்து பத்துக்கு இறங்கிட்டேன்டி" என்றார்.

"கழித்தல் மட்டும் உங்களுக்கு நல்லா வருது" என்றேன் நான்.

அவரும் சிரித்தார். நான் சொல்வதற்கெல்லாம் சிரிக்கிற மனிதர். அதற்குப் பிறகு அவர் தேர்வு எழுதப் போகவில்லை.

எனக்குக் கணக்கு வரும். படிப்பு ஒன்பதாம் வகுப்போடு நின்றுவிட்டது, ஆனால் மனக்கணக்கில் என்னை யாரும் அசைக்கமுடியாது. ஒரு கட்டுக்கு இருபத்தைந்து பெட்டி, ஒரு பலகைக்கு முப்பத்தாறு கட்டு, மொத்தம் எத்தனை என்று மேற்பார்வையாளர் வாயைத் திறப்பதற்குள் நான் தொள்ளாயிரம் என்று சொல்லியிருப்பேன். கம்பெனியில் எனக்குக் கால்குலேட்டர் என்று பட்டம். வீட்டிலும் அதே பட்டம்தான். அவர் வேலை செய்யும் இடத்திலிருந்து போன் பண்ணினால், "கால்குலேட்டர் இருக்கா?" என்றுதான் தொடங்குவார். இத்தனை அடி, இத்தனை பாயின்ட், மொத்தம் எத்தனை மீட்டர் ஒயர் என்று கேட்பார். தோளுக்கும் காதுக்கும் நடுவே போனை இடுக்கிக்கொண்டு, கை அட்டையை மடித்துக்கொண்டிருக்க, நான் விடையைச் சொல்வேன். பதினான்கு வருடம் அவருடைய கணக்கையெல்லாம் நான்தான் போட்டேன். "எப்படிப் போட்டேன்னு சொல்லிக்கொடேன்" என்று ஒருமுறை கேட்டார். "உங்களுக்குச் சொல்லிக்கொடுக்கிற நேரத்துல நான் பத்துக் கணக்குப் போட்டுருவேன்" என்றேன். பெருமை எனக்கு. குறைகுடம் கூத்தாடும் என்பார்கள், அதைப் பிறரைச் சொல்லத்தான் எனக்குத் தெரிந்திருந்தது.

சலவைக்கடைக்கு ஒயரிங் செய்தபோதும் அப்படித்தான் போன் வந்தது. ஈரமான இடம், பெரிய துவைக்கிற மெஷின் மூன்று. மின்சாரம் எங்காவது கசிந்தால் தானாகவே துண்டிக்கிற ட்ரிப்பர் ஒன்றை மெயின் பக்கத்தில் பொருத்தவேண்டும். எலக்ட்ரிக் கடையில் நின்றுகொண்டு கேட்டார். "ட்ரிப்பர் ரெண்டு அளவுல இருக்கு. முப்பது மில்லி ஆம்பியர் ஒண்ணு, முந்நூறு மில்லி ஆம்பியர் ஒண்ணு. விலை ஒண்ணுதான். எதை வாங்க?"

"இதுக்கெல்லாமா போன் பண்ணுவாங்க? முந்நூறு வாங்குங்க" என்றேன். முந்நூறே வாங்கினார், பொருத்தினார்.

எட்டு மாதம் கழித்து ஒரு காலையில், நடு மெஷினைத் தொட்டால் விறுவிறு என்று இழுக்கிறது என்று சலவைக்கடையிலிருந்து ஆள் வந்தது. டீயைப் பாதியில் வைத்துவிட்டுப் போனார். பதினொரு மணிக்கு மெஷினின் தகரத்தில் ஒரு கையும் தண்ணீர்க் குழாயில் ஒரு கையுமாக நின்றவர் அப்படியே நின்றுவிட்டார். ட்ரிப்பர் துண்டிக்கவில்லை. வேலைக்காரப் பெண் ஓடிப்போய் மெயினை அணைத்த பிறகுதான் கீழே விழுந்தார். அட்டை மடித்துக்கொண்டிருந்த என்னை வந்து அழைத்துப் போனார்கள். டெஸ்டர் பையிலேயே இருந்தது.

மின் ஆய்வு அலுவலகத்திலிருந்து அறிக்கை வந்தது. இரண்டு பக்கம். மெஷினின் எர்த் ஒயர் அறுந்திருந்தது என்று முதல் பக்கம். இரண்டாம் பக்கத்தின் கடைசியில் இப்படி: "பொருத்தப்பட்ட ட்ரிப்பரின் அளவு ஆளைக் காக்கும் அளவன்று. காரணம்: பொருத்தியவரின் கணக்குப் பிழை."

எனக்கு ரத்தம் கொதித்தது. காக்கும் அளவன்றாம்! முப்பது போட வேண்டிய இடத்தில் முந்நூறு போட்டிருக்கிறார் மனிதர். பத்து மடங்கு. அவரையா கணக்குத் தெரியாதவர் என்று எழுதுவது? எர்த் ஒயரை அறுந்தபடி விட்ட சலவைக்கடைக்காரர் ஆளைப் பிடித்து எழுதவைத்துவிட்டார், செத்தவன் எழுந்து வந்து பேசவா போகிறான் என்ற தைரியம், என்று நான் முடிவு கட்டினேன். தெருவில் ஒருவர் விடாமல் பிடித்து நிறுத்தி, "முப்பது பெருசா முந்நூறு பெருசா, நீங்களே சொல்லுங்க" என்று கேட்டேன். எல்லோரும் முந்நூறு என்றுதான் சொன்னார்கள்.

அந்த வரி எங்கள் வீட்டோடு நிற்கவில்லை. அந்த அலுவலகத்தில் வேலை பார்க்கும் ஒருவரின் பிள்ளை என் மகளோடு எட்டாம் வகுப்பில் படிக்கிறது. ஒரு மாலை மகள் பையை இறக்காமல் நின்றாள்.

"அம்மா, அப்பாவுக்குக் கணக்கு வராதா?"

"யாருடி சொன்னது?"

"கிளாஸ்ல சொல்றாங்க. கணக்குத் தெரியாம செத்துப்போனவரோட பொண்ணுன்னு."

அந்த இரவு அவள் சாப்பிடவில்லை. நான் அவளைப் பிடித்து உட்காரவைத்து, "அந்த ஒரு வரியை நான் அடிக்க வைக்கிறேன். இல்லைன்னா நான் உன் அம்மா இல்ல" என்றேன். அவள் நம்பினாள். அவளுக்கும் கணக்கு தகராறுதான், அப்பாவைப் போல. வீட்டுப்பாடத்தில் வராத கணக்கையெல்லாம் நான் போட்டுக்கொடுப்பேன், அவள் பார்த்து எழுதிக்கொள்வாள். அம்மா சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்பது எங்கள் வீட்டில் அப்பா, மகள் இரண்டு பேருக்குமே வேதவாக்கு.

மனு மேல் மனு எழுதினேன். ஐந்தாவது மனுவோடு ஆய்வு அலுவலகத்துக்கு நேரிலேயே போனேன். அதிகாரி கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு படித்தார்.

"முந்நூறு பெருசுதானே சார்? பெருசு போட்டவர் மேல எப்படிப் பிழை வரும்?"

"மில்லின்னா என்னன்னு தெரியுமாம்மா?"

"ஏன் தெரியாது? இருமல் மருந்து ஊத்துற மூடியிலகூடப் போட்டிருக்கே."

பக்கத்து மேசைக்காரர் சிரித்துவிட்டார். அதிகாரி சிரிக்கவில்லை, அது இன்னும் கேவலமாக இருந்தது. "இதைப் பேசறதுக்குக் கணக்குத் தெரியணும்மா. உனக்கு நான் விளக்கி, உனக்கு அது புரிஞ்சு... எனக்கு நாலு மணிக்கு வேற வேலை இருக்கு. படிச்சுட்டு வா, பேசலாம்" என்று மனுவைத் திருப்பிக் கொடுத்தார்.

கால்குலேட்டரைப் பார்த்துக் கணக்குத் தெரியாது என்கிறான் என்று பல்லைக் கடித்துக்கொண்டு படி இறங்கினேன். நேராகப் பயிற்சி நிலையத்துக்குப் போனேன். எலக்ட்ரீஷியன் படிப்பு. வயது நாற்பத்தொன்று. பத்தாம் வகுப்பு முடிக்காதவர்களுக்கு ஆறு வாரம் கணக்கு அடிப்படை வகுப்பு, பிறகு தேர்வு. விண்ணப்பத்தில் "சேர விரும்பும் காரணம்" என்ற இடத்தில், "ஒரு வரியை அடிக்க" என்று எழுதினேன். குமாஸ்தா அதைப் படித்துவிட்டு முத்திரை குத்தினார்.

வகுப்பு பட்டறையிலேயே நடந்தது. நீளமான மேசைகள், சுவரில் ஸ்விட்சும் பல்புமாகப் பலகைகள், தரையில் வெட்டிப் போட்ட ஒயர்த் துண்டுகள். பன்னிரண்டு பேர். நான் ஒருத்திதான் பெண். கணக்கு டீச்சர் என்னைவிட இளையவர், எதற்கும் குரல் உயராது, பலகையில் எழுதும்போது சாக்குக்கட்டி உடைந்தால் மட்டும் "ச்சே" என்பார். நான்தான் டெஸ்டரின் மனைவி என்று தெரிந்ததும், "மூணு தடவை எழுதினாரே, அவரா? நல்லா யோசிப்பார். யோசிச்சதை எழுத பயப்படுவார்" என்றார். எனக்கு அது பிடிக்கவில்லை.

என் பக்கத்தில் ஒரு கொத்தனார். இடுப்பு பிடித்துக்கொண்டதால் தொழில் மாற்ற வந்தவர். இரண்டாம் நாள் பின்னம். கால் பெரியதா அரைக்கால் பெரியதா என்று டீச்சர் கேட்டார். "அரைக்கால்தான் டீச்சர். அரையும் இருக்கு, காலும் இருக்கு" என்றார் கொத்தனார். வகுப்பே சிரித்தது. அரைக்கால் என்றால் காலில் பாதி என்று சொல்லி, டீச்சர் 1/4, 1/8 என்று எழுதிக்காட்டினார். கொத்தனார் விடவில்லை. "எப்படிப் பார்த்தாலும் நாலைவிட எட்டு பெருசுதானே?"

நான் சிரித்த சிரிப்பில் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. "அண்ணே, நம்பர் பெருசா இருந்தா சமாச்சாரம் பெருசாயிடுமா? கீழே இருக்கிற நம்பர் எதைச் சொல்லுதுன்னு பார்க்க வேண்டாமா?" என்று நானே விளக்கினேன். டீச்சர் என்னைப் பாராட்டினார். அன்று மகளிடம் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தேன். அவளும் அப்பா போன பிறகு முதல் தடவையாக வாய்விட்டுச் சிரித்தாள். அதனாலேயே அந்த நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

நான்கு வாரம் அப்படியே போனது. தசமம், சதவீதம், பரப்பளவு எல்லாம் எனக்குப் பழைய சொந்தக்காரர்கள் மாதிரி, ஒரு தடவை முகத்தைப் பார்த்ததும் ஞாபகம் வந்துவிட்டது. சலவைக்கடை வாசலில் என் பேச்சிலும் படிப்பு ஏறியது. "இன்னும் ரெண்டே வாரம். பேப்பரும் பேனாவுமா வர்றேன்" என்று கத்தினேன். பின்கட்டில் தண்ணீர் விழும் சத்தம் மட்டும் கேட்டது.

ஐந்தாம் வாரம் செவ்வாய்க்கிழமை அளவு மாற்றம். மில்லி என்றால் ஆயிரத்தில் ஒன்று என்று டீச்சர் எழுதினார். முப்பது மில்லி ஆம்பியர், 0.03 ஆம்பியர். முந்நூறு மில்லி ஆம்பியர், 0.3 ஆம்பியர். நான் உட்கார்ந்த இடத்திலேயே நிமிர்ந்தேன். இதற்காகத்தானே வந்தேன்!

"டீச்சர், அப்ப முந்நூறுதான் பெருசு?"

"பெருசுதான்."

"அப்ப முந்நூறு ட்ரிப்பர்தான் அதிகமா காப்பாத்தும்?"

அவர் திரும்பினார். சாக்குக்கட்டியைக் கீழே வைத்தார். "இல்லம்மா. அது எவ்வளவு காப்பாத்தும்ங்கிற நம்பர் இல்ல. எவ்வளவு கசியிற வரைக்கும் பேசாம இருக்கும்ங்கிற நம்பர்."

எனக்குப் புரியவில்லை. உண்மையில் புரிந்துவிட்டது, மனசு எடுத்துக்கொள்ளவில்லை. அவர் மற்றவர்களுக்காக இன்னும் எளிதாகச் சொன்னார்: "பிள்ளை முப்பது தடவை அழுததும் எழுந்துக்கிற அம்மா ஒருத்தி. முந்நூறு தடவை அழுதாத்தான் எழுந்துக்கிற அம்மா ஒருத்தி. யார்கிட்ட பிள்ளையை விடுவீங்க?"

"முப்பதுகிட்ட" என்றார் கொத்தனார், சட்டென்று.

பிறகு டீச்சர் என்ன நடத்தினார் என்று தெரியாது. நோட்டில் 30, 300 என்று எழுதியிருக்கிறேன், அதற்குக் கீழே ஒன்றும் இல்லை. வகுப்பு முடிந்ததும் கொத்தனார், "என்னம்மா, ஒரு மாதிரி இருக்க?" என்றார். வெயில் என்றேன்.

அன்று சலவைக்கடை வழியாகப் போகவில்லை. சுற்றிக்கொண்டு போனேன். நடக்க நடக்க எனக்குள் இருக்கிற வக்கீல் விழித்துக்கொண்டாள். இரு, இரு, அவசரப்படாதே. அவர் உடம்பில் எவ்வளவு மின்சாரம் பாய்ந்தது? அது முந்நூறு மில்லிக்கு மேல் இருந்தால் முந்நூறு ட்ரிப்பரும் துண்டித்திருக்கவேண்டும். அப்படியும் துண்டிக்கவில்லை என்றால் ட்ரிப்பரே பழுது. பழுதான சாமான் விற்றவன் குற்றம். கணக்குப் பிழை என்பது பொய்யாகிவிடும். அந்த அளவை மட்டும் கண்டுபிடித்துவிட்டால் போதும். அதற்கான சூத்திரம் ஆறாம் வாரம்தான் வரும் என்று டீச்சர் சொல்லியிருந்தார். ஆறு நாள் அந்த ஒரு நம்பருக்காகக் காத்திருந்தேன். முந்நூறுக்கு மேலே இருக்கட்டும், முந்நூற்றொன்றாக இருந்தாலும் போதும் என்று அட்டை மடிக்கும்போதெல்லாம் சொல்லிக்கொண்டேன். செத்த புருஷன் உடம்பில் இன்னும் கொஞ்சம் அதிகமாக மின்சாரம் பாய்ந்திருக்கக்கூடாதா என்று வேண்டிக்கொண்ட பெண்டாட்டி உலகத்திலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

ஆறாம் வாரம் சூத்திரம் வந்தது. ஒரு முக்கோணம். உச்சியில் வோல்ட், கீழே ஆம்பியரும் ஓமும். எது வேண்டுமோ அதைக் கட்டைவிரலால் மறைத்தால் மிச்சம் வழி சொல்லும். ஆம்பியர் வேண்டுமா? வோல்ட்டை ஓமால் வகுத்துவிடு. பல்பு, இஸ்திரிப்பெட்டி, ஹீட்டர் என்று கணக்குகள் போட்டோம். மனித உடம்புக்கு எத்தனை ஓம் என்று டீச்சரிடம் கேட்க நாக்கு நுனி வரை வந்தது. கேட்கவில்லை.

தேர்வு வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு. அதே பட்டறை, மேசைக்கு ஒருவர். முதல் பதினாறு கேள்வியையும் அரை மணி நேரத்தில் முடித்தேன். பதினேழாவது இப்படி இருந்தது: "230 வோல்ட் மின்சாரம் கசியும் ஓர் இயந்திரத்தை ஒருவர் தொடுகிறார். அவர் உடலின் மின்தடை 2000 ஓம். அ) அவர் உடலில் பாயும் மின்னோட்டம் எத்தனை மில்லி ஆம்பியர்? ஆ) இவரைக் காக்கப் பொருத்த வேண்டியது 30 மில்லி ஆம்பியர் ட்ரிப்பரா, 300 மில்லி ஆம்பியர் ட்ரிப்பரா? காரணம் கூறுக."

ஒருவர் என்றுதான் போட்டிருந்தது. ஒருவர். முக்கோணத்தை வரைந்தேன். கட்டைவிரலால் மறைத்தேன். இருநூற்றுமுப்பதை இரண்டாயிரத்தால் வகுக்கவேண்டும். இந்தக் கணக்குக்கு எனக்குக் காகிதமே வேண்டாம், ஆனாலும் ஒவ்வொரு வரியாக எழுதினேன், எங்காவது தப்பு நேர்ந்து நம்பர் பெரிதாகிவிடாதா என்று. 0.115 வந்தது. ஆயிரத்தால் பெருக்கினேன். நூற்றுப்பதினைந்து.

திரும்பவும் போட்டேன். நூற்றுப்பதினைந்து.

முப்பதுக்கு மேலே, முந்நூறுக்குக் கீழே. ட்ரிப்பர் பழுதில்லை. முந்நூறு வரும் வரை பேசாமல் இரு என்று அதற்குச் சொல்லியிருந்தது, அது சொன்ன பேச்சைக் கேட்டிருக்கிறது. முப்பதை வாங்கியிருந்தால் தொட்ட நொடியில் கடையே இருண்டிருக்கும், அவர் கையை உதறிவிட்டு, "அம்மாடி" என்று சிரித்துக்கொண்டே மிச்ச டீயைக் குடிக்க வீட்டுக்கு வந்திருப்பார்.

இப்போது ஒன்று சொல்லவேண்டும். இதை ஐந்து மனுவில் ஒன்றில்கூட நான் எழுதவில்லை. மறைக்கவேண்டும் என்று இல்லை, சொல்லத்தக்க விஷயமாகவே அது எனக்குத் தோன்றியதில்லை. அன்றைக்கு போனில் நான் முந்நூறு என்றதும் அவர் உடனே வைக்கவில்லை. கொஞ்சம் தயங்கினார். "இல்லடி... சின்னதுதான் சீக்கிரம் கட் ஆகும்னு தோணுது" என்றார்.

"தோணுறதெல்லாம் கணக்காயிடுமா? அதனாலதான் மூணு தடவையும் பெயிலானீங்க. பெருசையே வாங்குங்க, ஒரே விலைதானே" என்றேன் நான். கம்பெனியில் என்னைச் சுற்றி நின்றவர்களுக்கும் கேட்டு, அவர்களும் சிரித்தார்கள்.

"சரி, கால்குலேட்டர் சொன்னா அப்பீல் ஏது" என்று அவரும் சிரித்துவிட்டு வைத்தார்.

நல்லா யோசிப்பார், யோசிச்சதை எழுத பயப்படுவார். டீச்சர் சொன்னது ஏன் எனக்குப் பிடிக்காமல் போனது என்று தேர்வு மேசையில்தான் தெரிந்தது. பயமுறுத்தியது யார் என்று என் மனசின் ஏதோ மூலைக்குத் தெரிந்திருக்கிறது.

விடைத்தாளில் எழுதினேன். அ) 115 மில்லி ஆம்பியர். ஆ) 30. காரணம் கூறுக என்ற இடத்தில் பேனா ரொம்ப நேரம் நின்றது. பிறகு, "சின்னதுதான் சீக்கிரம் கட் ஆகும்" என்று எழுதினேன்.

இருபதுக்கு இருபது. மதியமே தாளைத் திருத்திக் கொடுத்துவிட்டார்கள். இந்த நிலையத்தில் இதற்கு முன் யாரும் இவ்வளவு வாங்கியதில்லையாம். கொத்தனாருக்குப் பதினான்கு, அவர் சந்தோஷத்தில் என் கையைப் பிடித்துக் குலுக்கு குலுக்கென்று குலுக்கினார். டீச்சர் என்னைத் தனியாக நிறுத்தி, "பதினேழாவதுக்கு நீ எழுதின காரணம் பாடத்துல இருக்கிற மாதிரி இல்ல. ஆனா சரி. மார்க் போட்டுட்டேன்" என்றார். திங்கட்கிழமை படிப்பு தொடங்குகிறது, சேர்க்கைத் தாளில் கையெழுத்து வேண்டும் என்றார். போட்டேன். வேண்டாம் என்று சொல்லக்கூட அன்று எனக்குத் தெம்பு இல்லை.

அங்கிருந்து ஆய்வு அலுவலகம். அதிகாரி தேர்வுத் தாளைப் பார்த்துவிட்டு நாற்காலியைக் காட்டினார். போன தடவை நிற்கவைத்துத்தான் பேசினார்.

"சரிம்மா. இப்பப் பேசு."

"சார், அந்த வரி தப்பு. பொருத்தினவரோட கணக்குப் பிழை இல்ல. அவர் முப்பதுன்னுதான் நினைச்சார். நான்தான் முந்நூறு வாங்கச் சொன்னேன். பிழை என்னோடது. அதை மாத்தி எழுதுங்க."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். பக்கத்து மேசைக்காரர் எழுதுவதை நிறுத்திவிட்டார். அதிகாரி கோப்பை எடுத்து, அந்தப் பக்கத்தைத் திருப்பி என் முன் வைத்தார்.

"பாரும்மா. பொருத்தியவர்னுதான் இங்க இருக்கு. கேட்டவர், சொன்னவர்னு எழுத இதுல இடமே இல்ல. கை யாரோடதோ, பிழை அவரோடது."

"அப்ப வரி அப்படியேதான் இருக்குமா?"

"அப்படியேதான் இருக்கும்." பிறகு குரலைத் தாழ்த்தினார். "வீட்டுக்குப் போம்மா. இதை வேற யார்கிட்டயும் சொல்லாத. பொண்ணு இருக்குல்ல உனக்கு?"

நல்ல மனதோடுதான் சொன்னார். பதினொரு மாதத்தில் அந்த அலுவலகத்தில் என்னிடம் அன்பாகப் பேசியது அந்த ஒரு தடவைதான்.

திரும்பும்போது சலவைக்கடை வழியாகவே போனேன். என்னைப் பார்த்ததும் அவர் வழக்கம்போல இஸ்திரிப்பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு உள்ளே நகர்ந்தார். எர்த் ஒயரை அறுந்தபடி விட்டது அவர் குற்றம், அது இன்றைக்கும் அவர் குற்றம்தான், அதை நான் விட்டுக்கொடுக்கப் போவதில்லை. ஆனால் நான் பதினொரு மாதம் அவர் தலையில் கொட்டியதில் பாதிக்கு மேல் என் வீட்டுக் குப்பை.

"அண்ணே" என்றேன். நின்றார், திரும்பவில்லை. "இனிமே வந்து கத்தமாட்டேன்."

"சரிம்மா" என்றார் சுவரைப் பார்த்தபடி. ஏன் என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்.

வீட்டில் மகள் வீட்டுப்பாடத்தோடு உட்கார்ந்திருந்தாள். என் முகத்தைப் பார்த்து நல்ல செய்தி என்று நினைத்துவிட்டாள். அழுது வீங்கினால் சில முகங்கள் அப்படித் தெரியும் போல.

"பாஸா? எவ்வளவும்மா?"

"இருபதுக்கு இருபது."

"அய்! அப்ப அந்த வரியை அடிச்சுட்டாங்களா?"

அதிகாரி சொன்னது காதில் இருந்தது. சொல்லாமல் விட்டுவிடலாம். அடிக்கவில்லை, அவர்கள் அப்படித்தான், அயோக்கியர்கள் என்று ஒரு வார்த்தை சொன்னால் அவள் நம்புவாள். நான் சொன்னால் நம்புகிறவள்தானே. ஆனால் அவள் அப்பா கணக்குத் தெரியாமல் செத்தவராகவே அவளுக்குள் இருப்பார், அவள் சாகும் வரை. அந்த வரியை அலுவலகத்தில் அடிக்க முடியாது. அடிக்க முடிகிற இடம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது.

எதிரில் உட்கார்ந்தேன். முக்கோணம் வரைந்து, 230, 2000, 115 என்று எழுதி, முப்பதையும் முந்நூறையும் இரண்டு பக்கம் வைத்து, எல்லாவற்றையும் காட்டினேன். போனில் அவர் சொன்னதை அவர் சொன்ன மாதிரியே சொன்னேன். நான் சொன்னதையும், அந்தச் சிரிப்பு உட்பட, சொன்னேன்.

அவள் அழவில்லை. காகிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்ப அப்பா சொன்னதுதான் சரி."

"சரி."

"நீ சொன்னது தப்பு."

"தப்பு."

தலையை ஆட்டினாள். முக்கோணத்தின் மேல் கட்டைவிரலை வைத்து மறைத்து, உதட்டுக்குள் எதையோ முணுமுணுத்து, தானே ஒருமுறை வகுத்துப் பார்த்தாள். நூற்றுப்பதினைந்து வந்ததும் காகிதத்தை நான்காக மடித்துப் பைக்குள் வைத்தாள். நாளைக்குப் பள்ளியில் காட்டுவாளாக இருக்கும். காட்டட்டும்.

பிறகு கணக்கு நோட்டை எடுத்தாள். எட்டாம் வகுப்பு தொடங்கியதிலிருந்து நான் போட்டுக்கொடுத்து அவள் பார்த்து எழுதியவை அத்தனையும் அதில் இருந்தன. முதல் பக்கத்தைத் திருப்பி, பென்சிலைச் சீவிக்கொண்டு, ஒவ்வொன்றாகத் தானே போட்டுச் சரிபார்க்கத் தொடங்கினாள். என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. நான் எதிரிலேயே உட்கார்ந்திருந்தேன். பன்னிரண்டாவது கணக்கில், நான் போட்டுக்கொடுத்த விடையின் மேல், அவள் பென்சில் நின்றது.